ஊசி குத்தும்போது என் குழந்தையை நானே வைத்திருக்கலாமா?

கேள்வி: எங்கள் மகள் பிறந்து எட்டு நாள் ஆகிறது. சிசேரியன். மூன்றாம் நாள் குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்க அவளைப் பக்கத்து அறைக்குத் தூக்கிப் போனார்கள். என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பத்து நிமிடம் அவள் வீறிட்டதைக் கேட்டேன். திரும்பக் கொண்டுவந்தபோது முகம் கன்றிச் சிவந்திருந்தது, தூக்கத்திலேயே விசும்பிக்கொண்டிருந்தாள். "பச்சைக் குழந்தைக்கு வலி அவ்வளவா தெரியாதும்மா, பாருங்க, தூங்கிட்டா" என்றார்கள். இப்போது அந்த ரத்தம் போதவில்லை, தைராய்டு பரிசோதனைக்கு மறுபடி எடுக்க வேண்டும் என்று போன் வந்திருக்கிறது. நாளை மறுநாள் போக வேண்டும். "ஒரு மாசம் போகட்டும்" என்கிறார் கணவர். அவளுக்கு உண்மையில் வலிக்குமா சிஸ்டர்? பால் கொடுத்துக்கொண்டே எடுக்கச் சொல்லலாமா? அப்படிச் செய்தால் என் மார்பையும் வலியையும் சேர்த்து நினைத்துப் பால் குடிக்க மறுத்துவிடுவாளோ என்றும் பயம். கிளம்பும் முன் காய்ச்சல் சொட்டு மருந்து கொடுக்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியர்

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் தேதியைப் பேசிவிடுவோம். நாளை மறுநாள் அவசியம் போய்விடுங்கள். ஒரு மாதம் தள்ளிப்போடுவது இந்தப் பரிசோதனையில் மட்டும் கூடவே கூடாது. பிறவியிலேயே தைராய்டு சுரப்பு குறைந்த குழந்தை பெரும்பாலும் பார்க்க எந்தக் குறையும் இல்லாமல்தான் இருக்கும். நன்றாகப் பால் குடிக்கும், தூங்கும். ஆனால் அந்தச் சுரப்பு இல்லாமல் மூளை வளர்ச்சி தடைபடும். பிறந்த இரண்டு வாரத்துக்குள் மாத்திரையைத் தொடங்கிவிட்டால், பெரும்பாலும் மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்ந்துவிடும். தொடங்கத் தாமதமானால் இழந்ததை மீட்பது கடினம். உங்கள் மகளுக்கு அந்தக் குறை இருப்பதாக யாரும் சொல்லவில்லை. ரத்தச் சொட்டுகளை வாங்கும் தாளில் உள்ள வட்டங்கள் முழுதாக நனையும் அளவுக்குச் சொட்டு விழவில்லை, அவ்வளவுதான். மகள் அழுததைத் தாங்க முடியாமல்தான் உங்கள் கணவர் தள்ளிப்போடச் சொல்கிறார். அந்த மனசு எனக்குப் புரிகிறது. அவருக்கு அங்கே செய்ய ஒரு வேலை இருக்கிறது. பின்னால் சொல்கிறேன்.

வலிக்குமா என்றால், வலிக்கும். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

உங்களிடம் அப்படிச் சொன்னவர் மனசறிந்து பொய் சொல்லியிருக்க மாட்டார். அது மருத்துவத் துறையிலேயே நெடுங்காலம் ஊறியிருந்த நம்பிக்கை. பிறந்த குழந்தையின் நரம்புகளுக்கு மேலுறை முழுதாக மூடவில்லை, அதனால் வலி மூளைக்குச் சரியாகப் போய்ச் சேராது என்று நினைத்தார்கள். வலியைக் கடத்தும் நரம்புகளில் பெரும்பங்கு, வளர்ந்தவர்களுக்கும் மேலுறை இல்லாதவைதான் என்பதை மறந்துவிட்டார்கள். 1980-களிலும்கூட, குறைமாதக் குழந்தைகளுக்கு வலி மருந்து மிகக் குறைவாகவோ இல்லாமலோ அறுவை சிகிச்சை செய்தார்கள். 1987-ல் கன்வல்ஜீத் ஆனந்த் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சையின்போது வலுவான வலி மருந்து பெற்ற குறைமாதக் குழந்தைகளின் ரத்தத்தில் பதற்றச் சுரப்புகள் குறைவாக இருந்தன. பிறகு வந்த சிக்கல்களும் குறைவு. அதற்குப் பின்தான் துறை விழித்துக்கொண்டது. 2015-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளை ஸ்கேனில் தூங்கவைத்து, பாதத்தில் லேசாகக் குத்திப் பார்த்தார்கள். வலியின்போது பெரியவர்கள் மூளையில் வேலை செய்யும் 20 இடங்களில் 18, குழந்தைகளிடமும் வேலை செய்தன. பெரியவர்களுக்கு நாலு மடங்கு அழுத்திக் குத்தியபோது வந்த எதிர்வினை, குழந்தைகளுக்கு அந்த லேசான குத்திலேயே வந்துவிட்டது.

"பாருங்க, தூங்கிட்டா" என்றார்களே, அதையும் சொல்ல வேண்டும். பத்து நிமிடம் வீறிட்ட குழந்தை சட்டென்று தூங்குவது பல நேரம் களைப்பு. நிம்மதியான குழந்தை கையைத் தளர்த்தி, வாய் லேசாகத் திறந்து தூங்கும். அலுத்துத் தூங்கும் குழந்தையின் முஷ்டி இறுகியே இருக்கும், நெற்றியில் சுருக்கம் விட்டிருக்காது, நடுநடுவே மூச்சு விக்கும். நீங்கள் எழுதிய விசும்பல் அதுதான். இதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். வெளியே இருங்கள் என்று சொன்னார்கள், இருந்தீர்கள். அறுவைத் தையலோடு மூன்றாம் நாள் கதவோரம் நின்றிருக்கிறீர்கள்.

நானும் அப்படிச் சொன்னவள்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருடங்களில் குழந்தையை வாங்கிக்கொண்டு அம்மாவை வெளியே நிறுத்துவதுதான் எனக்குச் சொல்லித்தந்த முறை. அம்மா பார்த்தால் அழுவார், அவர் அழுதால் நம் கை நடுங்கும் என்பார்கள். ஒரு இரவு, மஞ்சள் காமாலை அளவு பார்க்க ஒரு குழந்தைக்கு ரத்தம் எடுக்கப் போனேன். அப்போதுதான் பால் குடிக்க ஆரம்பித்திருந்தான். அந்த அம்மா குழந்தையைத் தரவில்லை. சண்டையும் போடவில்லை. "இப்பதான் பிடிச்சான் சிஸ்டர், கால் உங்க பக்கம்தானே இருக்கு" என்றார். எனக்கு வேறு வழியில்லாமல் குனிந்து அந்தக் காலைப் பிடித்துக் குத்தினேன். அவன் உறிஞ்சுவதை நிறுத்தினான். புருவம் ஏறியது, கால்விரல் ஐந்தும் விசிறி மாதிரி விரிந்தன. ஒரு மூச்சு நேரம். பிறகு கண்ணைத் திறக்காமலே மறுபடி உறிஞ்ச ஆரம்பித்துவிட்டான். ரத்தம் தானாக வந்தது, நான் பிழியவே இல்லை. அதுவரை எத்தனை குழந்தைகளை அலறவிட்டிருக்கிறேன் என்ற நினைப்பு அந்த இரவு முழுக்க என்னை விடவில்லை.

நான் அன்று கண்ணால் பார்த்தது ஆய்வுகளிலும் இருக்கிறது. 2003-ல் பிரான்ஸில் 180 பச்சிளங்குழந்தைகளை நான்கு பிரிவாக்கி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வலியின் அடையாளமே காட்டவில்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: துணியோடு அம்மா கையில் சும்மா ஏந்தியிருந்த குழந்தைகளில் ஒன்றுகூட அப்படி இல்லை. ஆகவே கூட இருந்தால் மட்டும் போதாது. மார்பில் வாய் இருக்க வேண்டும், அல்லது தோலோடு தோல் ஒட்டியிருக்க வேண்டும். தோலோடு தோல் அணைப்பைப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னதாகத் தொடங்கிக் குதிகாலில் ரத்தம் எடுத்த ஓர் அமெரிக்க ஆய்வில் அழுகை 82 சதவீதமும் முகச்சுளிப்பு 65 சதவீதமும் குறைந்தன. உறிஞ்சுவது, பாலின் இனிப்பு, உங்கள் வாசனை, உடம்புச் சூடு, இறுக்கமான பிடி எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன.

நாளை மறுநாளுக்கு வருவோம்.

கடைசியாகப் பால் கொடுக்கும் நேரத்தைக் கணக்கிட்டு, அவளுக்கு லேசாகப் பசி எடுக்கும் வேளையில் போய்ச் சேருங்கள். வயிறு நிறைந்த குழந்தை மார்பைப் பிடிக்காது. பசியில் கத்தித் தீர்த்த குழந்தையும் பிடிக்காது. போனதும் ஒரு நாற்காலி கேளுங்கள். உடையைக் கழற்றி டயப்பரோடு மட்டும் அவளை உங்கள் வெற்று மார்பில் படுக்கவைத்து, முதுகுக்கு மேல் துணியைப் போர்த்துங்கள். பிறகு பால் கொடுங்கள். பிடித்த உடனே குத்தச் சொல்லாதீர்கள். முதலில் வேகவேகமாக உறிஞ்சுவாள், பிறகு அது மெதுவாகி, ஆழமாகி, விழுங்கும் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகும் இரண்டு நிமிடமாவது போகட்டும். அப்புறம் "இப்ப எடுங்க சிஸ்டர்" என்று நீங்களே சொல்லுங்கள். பெரும்பாலும் எல்லாம் கெடுவது இந்த இரண்டு நிமிடத்தைப் பொறுக்காததால்தான். ரத்தம் எடுத்து முடியும்வரைக்கும், முடிந்த பிறகும் சில நிமிடங்களுக்கும், மார்பிலிருந்து எடுக்காதீர்கள்.

சிசேரியன் தையல் இருப்பதால் மடிக்குக் குறுக்கே படுக்கவைப்பது உங்களுக்கு வலிக்கலாம். பக்கவாட்டில் தலையணை வைத்து, அவள் உடம்பு உங்கள் கைக்கு அடியிலும் கால்கள் உங்கள் முதுகுப் பக்கமும் போகும்படி அணைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் பாரம் படாது. ரத்தம் எடுப்பவர் உங்கள் பக்கவாட்டில் சற்றுப் பின்னால் உட்கார்ந்து காலைப் பிடிக்கலாம். ஊசி உங்கள் கண்ணில் படவும் படாது. எடுக்கப்போகும் கால், தலையணை விளிம்புக்கு வெளியே கீழே தொங்கட்டும். கால் தாழ்ந்திருந்தால் சொட்டு தானாகத் திரளும். போன முறை ரத்தம் போதாமல் போனதற்கும் பத்து நிமிட அழுகைக்கும் இங்கே ஒரு தொடர்பு இருக்கலாம். குத்துவது ஒரு நொடி. மீதி நேரமெல்லாம் குதிகாலைப் பிழிவதுதான், அதுவே குழந்தையை அதிகம் படுத்துகிறது.

அதனால் ரத்தம் எடுப்பவரிடம் சிலவற்றைத் தயங்காமல் கேளுங்கள். பட்டனை அழுத்தினால் குத்திவிட்டுத் தானாக உள்ளே போய்விடும் லான்செட் என்ற சிறு குத்தூசிக் கருவி இருக்கிறதா? கையால் குத்தும் பிளேடைவிட அதில் வலியும் குறைவு, மறுபடி குத்த வேண்டியதும் குறைவு. குத்தும் இடம் பாதத்தின் அடியில் குதிகாலின் இரு ஓரங்களில் ஒன்றாக இருக்க வேண்டும், பின்பக்க வளைவிலோ நடுவிலோ கூடாது. ஸ்பிரிட் தடவினால் அது காயும்வரை பொறுக்க வேண்டும், ஈரத்தோடு குத்தினால் எரியும். கைதேர்ந்தவர் ஒருவர் இருந்தால், புறங்கை ரத்தக்குழாயில் எடுப்பது குதிகாலில் குத்துவதைவிடக் குறைந்த வலி என்பதும் ஆய்வுகளில் உறுதியானது. நிறைமாதக் குழந்தைக்கு அதையே கேட்டுப் பார்க்கலாம். காலைச் சூடான துணியால் சுற்றிவைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அதனால் வலி குறைவதாகத் தெரியவில்லை. பாதம் சில்லிட்டிருந்தால் உங்கள் உள்ளங்கையில் பொத்தி வைத்தாலே போதும்.

இதையெல்லாம் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று நினைப்பீர்கள். எங்களில் சிலர் முகம் சுளிக்கலாம். அதற்குக் காரணம் பெரும்பாலும் முதுகு. அம்மா தாழ்வாக உட்கார்ந்தால் நாங்கள் வளைந்து நின்று வேலை செய்ய வேண்டும், கை ஆடும். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "நீங்க உக்காந்தே எடுங்க சிஸ்டர், கால் உங்க பக்கம் இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். பாதி எதிர்ப்பு அங்கேயே போய்விடும். முந்தைய நாளே போன் செய்து, "பால் கொடுக்கும்போது எடுக்க ஆசைப்படுகிறேன், பத்து நிமிடம் முன்னதாக வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவைப்பது இன்னும் நல்லது. 2015-ல் உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசி வலி பற்றி வெளியிட்ட அறிக்கையிலும், குழந்தையைப் பெற்றவரே வைத்திருக்க வேண்டும், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு ஊசியின்போதோ சற்று முன்போ பால் கொடுக்கலாம் என்றுதான் இருக்கிறது. இனி வரும் ஊசி ஒவ்வொன்றுக்கும் இது பொருந்தும்.

மார்பை வெறுத்துவிடுவாளோ என்ற பயத்துக்கு வருகிறேன். என்னிடம் அநேகமாக எல்லாத் தாய்மாரும் கேட்பது இது. இத்தனை வருடத்தில் இதனால் பால் குடிக்க மறுத்த ஒரு குழந்தையை நான் பார்த்ததில்லை. இந்த முறையைச் சோதித்த ஆய்வுகளிலும் அப்படி ஒரு கெடுதல் வெளிப்படவில்லை, புரையேறிய பிரச்சினையும் பதிவாகவில்லை. ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை அந்த மார்பில் அவளுக்குக் கிடைப்பது சூடும் பசியாறலும். நடுவில் ஒரு நொடி காலில் எங்கோ சுருக்கென்றது அதை அழித்துவிடாது. குத்தும்போது வாயை எடுத்துவிட்டு அழுதால், "ஒரு நிமிஷம் நிறுத்துங்க" என்று சொல்லுங்கள். மார்போடு இறுக்கி அணைத்து, மறுபடி பிடித்ததும் தொடரச் சொல்லுங்கள். நடுவில் நிறுத்தச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

காய்ச்சல் சொட்டு மருந்து வேண்டாம். குத்தும் அந்தக் கூர்மையான வலியைப் பாராசிட்டமால் குறைப்பதில்லை என்பது சோதித்துப் பார்த்த விஷயம். எட்டு நாள் குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் எந்தச் சொட்டும் கொடுக்கக் கூடாது. மரத்துப்போகச் செய்யும் களிம்பும் குதிகாலில் பலன் தருவதில்லை. யாராவது நாக்கில் தேன் தடவச் சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தான நச்சுத்தொற்று வரலாம்.

மருத்துவமனையில் சுக்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசல் வைத்திருப்பார்கள், 24 சதவீதம். குத்துவதற்கு இரண்டு நிமிடம் முன் நாக்கில் சில துளி விட்டால் அழுகை நன்றாகக் குறையும். பால் கொடுக்க முடியாத வேளையில் அது பெரிய உதவி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் 2010-ல் வந்த ஒரு ஆய்வில், சர்க்கரை பெற்ற குழந்தைகளின் முகம் அமைதியானாலும் மூளையில் வலிக்கான மின் எதிர்வினை குறையவில்லை என்று கண்டார்கள். மருத்துவர்களிடையே இது பற்றி இன்னும் விவாதம் நடக்கிறது. என் அபிப்பிராயம்: அம்மா இருக்கும்போது முதலில் அம்மா, சர்க்கரை அதற்குத் துணை. வீட்டில் சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

உங்கள் கணவருக்கு ஒரு வேலை இருக்கிறது என்றேனே. ஊசியைப் பார்த்தால் உங்களுக்குத் தலைசுற்றும் என்றாலோ, அன்றைக்குத் தையல் வலி அதிகமாக இருந்தாலோ, அவர் சட்டையைக் கழற்றிவிட்டு அவளைத் தன் மார்பில் போட்டுக்கொள்ளட்டும். பால் இல்லாவிட்டாலும் தோலின் சூடும் இதயத் துடிப்பும் அவரிடமும் இருக்கின்றன. ஒரு உள்ளங்கையை அவள் தலைமேல் வைத்து, இன்னொரு கையால் கைகளையும் முழங்கால்களையும் வயிற்றோடு குவித்து, கருப்பைக்குள் சுருண்டிருந்த மாதிரிப் பிடிக்க வேண்டும். எடுக்க வேண்டிய கால் மட்டும் வெளியே இருக்கும். பிடி அசையாமல், கொஞ்சம் அழுத்தமாக இருக்கட்டும். பதற்றத்தில் நம் கை தானாகத் தட்டிக்கொடுக்கவும் தடவவும் போகும். ஏற்கெனவே பதறியிருக்கும் குழந்தைக்கு அது இன்னும் ஒரு தொந்தரவு. தாழ்ந்த குரலில் அவர் பேசிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் பால் கொடுக்கிறீர்கள் என்றால், கண்ணில் விளக்கு அடிக்காமல் கையால் மறைப்பதும், "இப்ப எடுக்கலாம்" என்று சொல்வதும் அவருடைய பொறுப்பாகட்டும்.

குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் இருக்கும் குழந்தைகளின் பெற்றோரும் இதைப் படிக்கலாம். அவர்களுக்குச் சில வரி. 2008-ல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், பாரிஸ் வட்டாரத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 430 குழந்தைகளின் முதல் இரண்டு வாரத்தைக் கணக்கெடுத்தார்கள். குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 வலி தரும் செயல்கள். ஐந்தில் நான்கு, வலி குறைக்கும் தனி ஏற்பாடு எதுவும் இல்லாமல். மிகச் சிறிய குழந்தைக்கு அழவும் தெம்பு இருக்காது. முகம் இறுகும், விரல் விரியும், மானிட்டரில் ஆக்சிஜன் இறங்கும், அவ்வளவுதான் அது காட்டும் அடையாளம். கை வைக்க அனுமதி கேளுங்கள். மார்பில் போட்டுக்கொள்ள எப்போது முடியும் என்று தினமும் கேளுங்கள். நாளைக்கு எடுக்க வேண்டிய ரத்தத்தையும் இன்றைய குத்திலேயே சேர்த்து எடுக்க முடியுமா, மஞ்சள் காமாலையைத் தோல்மேல் வைக்கும் கருவியால் பார்க்க முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். குத்தாமல் தவிர்த்த ஒவ்வொரு குத்தும் மிச்சம்தான்.

தங்கையே, ரத்தம் எடுத்து முடிந்ததும் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தாலே நின்றுவிடும். பிளாஸ்திரி ஒட்ட வந்தால் வேண்டாம் என்று சொல்லலாம், அதை உரிக்கும்போது மெல்லிய தோலும் சேர்ந்து வந்துவிடும். ஏற்கெனவே ஒட்டிவிட்டார்கள் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, மெதுவாக மடக்கி எடுங்கள். அடுத்த சில நாட்களில் குத்திய இடம் சிவந்து வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, பால் குடிப்பது குறைந்தாலோ உடனே காட்டுங்கள். கிளம்பும் முன் வட்டங்கள் முழுதாக நனைந்துவிட்டனவா என்று அந்தத் தாளை ஒரு முறை காட்டச் சொல்லிப் பாருங்கள். முடிவு எந்தத் தேதியில் வரும், யாரைக் கேட்க வேண்டும் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முன்பக்கம் திறக்கும் உடை போட்டுக்கொண்டு போங்கள்.